சிவப்பு ஒட்டு

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தேநீர்க் கடை நிரம்பியிருந்த நேரத்தில்தான், ஊரின் பெரிய வயல்காரர் மீராசா போடியார் அதைச் சொன்னார். கடைவாசலில் நின்று, குடையைத் தரையில் ஊன்றி, உள்ளே இருந்த மெக்கானிக் காலிதீனைக் காட்டி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கொழும்புல இரிந்து எறக்கின காரு. இவன்ட கராஜுக்குப் போய் வந்த கிழமையில இரிந்து இழுக்குதில்ல. நல்ல சாமானக் கழட்டி வித்துப்போட்டு பழசப் பூட்டியிரிக்கான்."

காலிதீன் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தான். அந்தக் காரில் அவன் மாற்றியது ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். ரியாத்தில் நாலு வருஷம் இப்படியான டர்போ கார்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவன் அவன். கல்முனையில் அந்த எஞ்சினைத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆகவே அதில் களவெடுக்கத் தெரிந்தவனும் அவன்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. என்ன நியாயம் இது? தெரிந்து வைத்திருப்பதும் ஒரு குற்றமா? மறுநாளே இரண்டு பேர் வேலைக்கு விட்ட வாகனங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் மனைவி முனவ்வறா பக்கத்துக் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல் அறைக்குள் இருந்தாள்.

அவன் ஆள்மேல் ஆள் அனுப்பி, திங்கட்கிழமை காலையில் போடியாரைக் காரோடு கராஜுக்கு வரவைத்தான். காரைதீவு இளையதம்பியும் அப்போது அங்கே நின்றார். போடியாரின் நெல்லை ஏற்றும் வான்காரர் அவர். அரைகுறையாகக் கழற்றிக் கிடந்த தன் வானைக் கட்டி இழுத்துப்போக வந்திருந்தார். "கோவிக்காத தம்பி" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

காலிதீன் எஞ்சின் மூடியைத் தூக்கினான். ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "வாங்க போடியார், வந்து பாருங்க" என்றான்.

டர்போவுக்குப் பக்கத்தில், விரல் மொத்தமான வால்வு ஒன்றின் வாயில், சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. டியூப்பில் எப்போதோ பஞ்சர் ஒட்டிய சிவப்பு ஒட்டு, வட்டமாக, அப்படியே இருந்தது. வயலில் வாட்டர் பம்ப் வைத்திருக்கிற எவனும் செய்கிற கட்டு அது. குழாயில் காற்றுச் சத்தம் கேட்டால் பம்ப் தண்ணீர் இழுக்காது. உடனே டியூப்பால் கட்டிவிடுவார்கள்.

"இது 'உஸ்' எண்டு சத்தம் போட்டிச்சா?"

"போட்டிச்சி" என்றார் போடியார். "உன்ட கராஜால கொண்டு போன அண்டைக்கு, காத்துப் போகுது எண்டு நான்தான் கட்டின. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? எஞ்சின்ட புகை இந்தக் காத்தாடியச் சுத்தும். அது எஞ்சினுக்குள்ள காத்த அடைக்கும். அளவுக்கு மிஞ்சி அடைச்சா எஞ்சின் வெடிச்சிரும். அதால குளத்துல மிஞ்சின தண்ணி போக வான் வெச்ச மாதிரி இதுக்கும் ஒரு கதவிரிக்கி. அடைக்கிற காத்துதான் அந்தக் கதவத் தள்ளித் தெறக்கும். தெறந்தா புகை காத்தாடியச் சுத்தாம வெளியால போயிரும், இழுவ கொறயும். அந்தத் தள்ளுற காத்துல கொஞ்சத்த இந்த வால்வு ஒழுக விடுகிது. அப்பதான் கதவு மூடிக் கிடக்கும், காரு இழுக்கும். எப்ப ஒழுக விடுற, எவ்வளவு விடுற எண்டு உள்ளுக்கிரிக்கிற கம்பியூட்டர் பாத்துப் பாத்து கரண்டு குடுக்கும். ஒழுகிறதுதான் அதுட வேலை! நீங்க அதுட வாயக் கட்டிப்போட்டு என்னக் கள்ளன் எண்டீங்க."

போடியார் தாடியைத் தடவினார். இளையதம்பி வானின் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, அவிழ்த்துவிடு. கூலியத் தாறன்."

"அவிழ்க்க மாட்டன். கூலியும் வேணாம். கட்டினது நீங்க. என்னக் கள்ளன் எண்ட அதே கடைவாசல்ல வெச்சி நீங்களே அவிழுங்க."

போடியார் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் முக்கி முனகிப் போனது.

அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, காலிதீன் அதே கடையில் அதே வாங்குப் பலகையில் இருந்தான். கார் வருவது தூரத்திலேயே கேட்டது. டர்போவின் சீழ்க்கை, இழுவை திரும்பிவிட்டது. வீட்டுக்குள் வைத்து அவிழ்த்துவிட்டார்!

போடியார் குடையோடு உள்ளே வந்தார். கார் சரியாகிவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். "கொழும்பு ஆள் வந்து புதுச்சாமான் போட்டுட்டுப் போனான்" என்றார், கூசாமல். இரண்டு மூன்று பேர் திரும்பி காலிதீனைப் பார்த்தார்கள். மூலையில் இருந்த இளையதம்பி தலையைக் குனிந்து தேநீரை ஊதினார்.

காலிதீன் எழுந்தான். கத்தத்தான் எழுந்தான். போடியாரின் கை அப்போதுதான் கண்ணில் பட்டது. வயல்காரர் கை, ஒரு சாக்குத் துண்டைக்கூட வீச மனம் வராத கை. உடைந்த குடைப்பிடியைக் கறுப்பு ரப்பரால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"போடியார்," என்றான். "குடையில கட்டியிரிக்கிற ரப்பர் எங்க இரிந்து எடுத்த?"

எல்லாக் கண்களும் குடைக்குப் போயின. இளையதம்பி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு மெல்ல எழுந்து நின்றார். போடியாரின் பெருவிரல் பிடியின்மேல் நகர்ந்து, அந்தச் சிவப்பு ஒட்டை மறைக்கப் பார்த்தது. ஒட்டு விரலைவிடப் பெரிதாக இருந்தது.