கடைசி நாற்காலி

வில்லியனூருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரே ஒரு கட்டில், ஒரே ஒரு மின்விசிறி. விசிறி கட்டிலுக்கு நேர் மேலே. அதை அங்கே மாட்டிய புண்ணியவான் மட்டும் நர்ஸ் அமுதத்தின் கையில் கிடைத்திருந்தால் அவன் கதி அதோகதிதான். எழுபத்தெட்டாம் வருடம் பங்குனி வெயில் ஏறியதும் சுற்றுவட்டாரத்துக்கே அவசரம் வந்துவிட்டது. கால் ஆணி அவசரம், கொட்டாவி அவசரம், மூன்று வருடத்துச் சொறி அன்றைக்குக் காலையிலிருந்து அவசரம்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைமை சொல்தா சூசைநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து, சைகோன் வரை போய்வந்து, பென்ஷனில் மீசை வளர்த்துக்கொண்டிருந்த ஆறடி மனிதர். விக்கல் எடுத்தாலும் நேரே வந்து கட்டிலில் மல்லாந்துவிடுவார்.

"பீரங்கிக்கு முன்னால நின்னவன்மா நானு. கியூவுல நிப்பனா?" என்பார்.

அவருக்குச் சளைக்காதவர் மதகடிப்பட்டு அரிசிக்கடை நிஜாமுதீன். சொல்தா உள்ளே போனதைப் பார்த்துவிட்டால் இவருக்கும் உடனே படபடப்பு வந்துவிடும்.

ஒருநாள் சொல்தா விக்கலோடு கட்டிலில் கிடக்க, பாம்பு கடித்த பெண் ஒருத்தியை வாசல் தரையிலேயே கிடத்தி ஊசி போட வேண்டியதாயிற்று. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். டாக்டர் தாமஸ் அமுதத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை கட்டில் காலியா இல்லாம ஒரு உயிருக்கு ஆபத்து வந்துச்சுன்னா நான் மேல எழுதிடுவேன். அப்புறம் ஏனாம்தான்."

ஏனாம் என்பது எங்கேயோ ஆந்திராவுக்குள் கிடக்கிற புதுச்சேரி; தண்டனை மாற்றல் என்றால் அங்கேதான். அமுதத்துக்கு வெந்நீர் கேட்கிற அளவுக்குக்கூடத் தெலுங்கு தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் வேறு இரண்டு பேர்.

அன்றைக்குச் சாயங்காலம் காய் வாங்கப் போனாள். கடைத்தெருவில் ஏதோ கட்சிக் கூட்டம். ஏழு பேர் தொண்டை கிழியப் பேசி முடித்த பிறகுதான் தலைவர் எழுந்தார். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்ததற்கே அவருக்கு மாலை. அமுதம் கத்தரிக்காயைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

மறுநாள், ஆபீஸ் மூலையில் கிடந்த பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிரம்பு நாற்காலியைத் துடைத்து வேப்பமரத்தடியில் போட்டாள். சொல்தா வந்ததும் கும்பிடு போட்டாள்.

"இதுல குந்துங்க ஐயா. சில்லறை ஆளுங்கள எல்லாம் முதல்ல பாத்து அனுப்பிட்டு, பெரிய மனுசங்களக் கடைசியா நிதானமா பாக்கறதுன்னு இருக்கறோம். கூட்டத்துல தலைவரு முதல்லயா பேசுவாரு?"

சொல்தா மீசையைத் தடவினார். "அது கரெட்டுதான்" என்று உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் ஊரே தலைகீழாகிவிட்டது. "நீ போப்பா முதல்ல", "நான் இன்னாத்துக்கு? உனக்குத்தான சொறி, நீ போ" என்று வேப்பமரத்தடியில் தள்ளுமுள்ளு. உள்ளே கட்டில் காலி. வெட்டுக்காயமும் வலிப்பும் வந்த வேகத்தில் உள்ளே போயின. கடைசி இடத்துக்கு மட்டும் சொல்தாவும் நிஜாமுதீனும் விடாப்பிடியாக மோதினார்கள். நிஜாமுதீன் மதியச் சாப்பாட்டையே அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவர ஆரம்பித்தார். டாக்டர்தான் வீட்டுக்குப் போக முடியாமல் தவித்தார். தன் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்து அமுதம் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு நின்றது.

நாற்காலியில் இருந்த சொல்தா யாரையும் அதட்டவில்லை. அதுவே அமுதத்துக்கு உறுத்தியது. கிட்டே போனாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஒரு கை மார்பில்.

"ஒண்ணுமில்ல. நெஞ்சு மேல எவனோ குந்திகினு கீறா மாதிரி இருக்குது."

"ஐயோ, உள்ள வாங்க ஐயா! கட்டில் காலியாத்தான் கீது."

"இன்னும் பதினோரு பேரு கீறாங்க. நான் முதல்ல போவணுமா? இன்னாம்மா, என்னையும் சில்லறை ஆளாக்கப் பாக்கறியா?" நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் ஓடிவந்து நாடி பார்க்கக் கையைத் தொட்டார். சொல்தா வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கத்தினார். கத்தியதில் மூச்சு வாங்கியது.

டாக்டர் அமுதத்தை ஓரமாகக் கூப்பிட்டு, "இழுக்காத. கோவப்பட்டா இதயம் தாங்காது. எப்படியாவது தானா உள்ள வர வை" என்றார்.

ஏனாம் அவள் நினைவுக்கே வரவில்லை. கட்டிலைக் காலி பண்ணுகிறேன் என்று ஒரு மனுசனையே காலி பண்ணப் போகிறேனே பாவி என்றுதான் தோன்றியது. கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க! முன்வாசல்ல பூந்து பின்வாசல்ல வெளிய போங்க. ஓடுங்க!"

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சொல்தாவின் முகமே சொல்லிவிட்டது. கால் ஆணி விருத்தாம்பாள்தான் முதலில் ஓடினாள். கொட்டாவிக்காரர் ஓடினார். சொறி ஓடியது. ஒவ்வொருவரும் பின்வாசலில் இறங்கி, "பாத்தாச்சு!", "எனக்கும் பாத்தாச்சு!" என்று கத்தினார்கள். இரண்டு நிமிடத்தில் பத்து நோயாளிகள்.

நிஜாமுதீன் மட்டும் மிச்சம். அன்றைக்கு சொல்தாவுக்குப் பிறகு வந்தவர் அவர். நியாயப்படி கடைசி இடம் அவருடையது. இரண்டு மாதத்தில் இதுதான் முதல் வெற்றி. சொல்தாவைப் பார்த்தார். அடுக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"டேய் சூசை! இன்னிக்கும் நீதான்டா பெரிய மனுசன். நான் போறேன்."

முன்வாசலில் நுழைந்தார். பின்பக்கமிருந்து "பாத்தாச்சு" என்று குரல் வந்தது.

சொல்தா சுற்றுமுற்றும் பார்த்தார். ஈ காக்கை இல்லை. மெல்ல எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அமுதத்தின் தோளைப் பிடித்தபடி நெஞ்சு நிமிர்த்தி நடந்துபோய்க் கட்டிலில் விழுந்தார். ஊசி போட்டு, ஜீப்பில் ஏற்றி, டாக்டரே கூடப் போய் டவுன் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்.

இருபது நாள் கழித்து, பாதி ஆளாக இளைத்து வந்து சேர்ந்தார் சொல்தா. நாற்காலியில் இருந்த நிஜாமுதீன் எழுந்து இடம் விட்டார்.

"டவுன்ல நல்லா பாத்தாங்களா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தாள் அமுதம்.

சொல்தாவின் முகம் சுருங்கியது.

"வாசல்ல நாப்பது பேரு குந்திகினு கீறாங்கம்மா. அத்தினி பேரயும் வுட்டுட்டு என்னயத்தான் முதல்ல தூக்கினு போனானுங்க. ஒரு மருவாதி இல்ல."

நிஜாமுதீனுக்கே பொறுக்கவில்லை. "உன்னயா?" என்றார்.