விரிப்புக்கு அடியில்

வாங்க வந்தவன் குறை சொல்ல வேண்டும், விற்கிறவர் அதை மறுத்துப் பேச வேண்டும். எங்கேயும் வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. அன்றைக்கு அந்த மூடிப்போன ஆட்டுப்பண்ணையின் பின்பக்கத்தில் எல்லாம் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அவன் அந்தப் பழைய டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்துகொண்டிருந்தான். டயர் பரவாயில்லையே என்றான். பக்கக் கம்பி ஒன்றுகூட வளையவில்லையே என்றான். பின்கதவை இறக்கினால் மாடு ஏறுவதற்கு எவ்வளவு வாட்டமான சரிவு பார் என்று மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினான். பண்ணைக்காரர் பாவம், தன் பங்குக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

மச்சினன் வெல்டர். அக்கா சொன்னாள் என்பதற்காகப் பட்டறையை அரைநாள் மூடிவிட்டு வந்திருந்தான். குறை கண்டுபிடிக்கத்தான் அவனைக் கூட்டி வந்தது. சுத்தியலும் கையுமாக நின்றவனுக்கு, மாமா இப்படி வாயெல்லாம் பல்லாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்சம் சும்மா இருங்கள் என்று வயதில் மூத்த மாமாவிடம் சொல்ல முடியாது. அதனால் இரும்பைத் தேவைக்கு மேல் ஓங்கித் தட்டினான். நல்ல இடத்தில் கிண்ணென்று கேட்டது. பின்னால் போகப்போகச் சத்தம் மங்கியது. கடைசிக் குறுக்குச் சட்டத்தைத் தட்டியபோது சத்தமே வரவில்லை, பொருக்கு மட்டும் உதிர்ந்தது.

"மாமா, இந்த இடத்துல இரும்பு பெயிண்டைப் பிடிச்சிட்டு நிக்கல. பெயிண்டுதான் இரும்பைப் பிடிச்சிட்டு நிக்குது."

அவன் சிரித்தான். வேறொருவன் வண்டியைப் பற்றிச் சொன்ன ஜோக்கைப் போல நன்றாகவே சிரித்தான். சட்டத்தை வெட்டி மாற்றினால் போயிற்று, நீதான் இருக்கிறாயே என்றான். மனைவி ஜீப்பை விட்டு இறங்காமல் பக்கக் கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் சிரிக்கிற சிரிப்பு அவளுக்குத் தெரியும். அழ முடியாத இடங்களில் அவன் அப்படித்தான் சிரிப்பான்.

அவனுக்குப் பிழைப்பே மாடு ஏற்றுவதுதான். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு. கம்பு எடுக்க மாட்டான், வாலை முறுக்க மாட்டான். தானே முதலில் சரிவில் ஏறி உள்ளே போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ வேலை இருப்பதுபோல நிற்பான். கொஞ்ச நேரத்தில் மாடு தானாக ஏறி வந்து அவன் தோளை மோந்து பார்க்கும். வளைவுகளில் மடியில் குழந்தை தூங்குகிறது போல வண்டியைத் திருப்புவான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அவன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

மற்றவர்களெல்லாம் டிரெய்லர் பலகை மேல் வைக்கோலைப் போட்டுச் சமாளித்தார்கள். சாணியும் மூத்திரமுமாக ஈரமான பலகையில் மாடு வழுக்கி முட்டியை உடைத்துக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். அதனால் தடிமனான ரப்பர் விரிப்பு வாங்கி, பலகையோடு பலகையாக ஆணி அடித்து இறுக்கினான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. தினமும் சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சி, தட்டில்லாமலே சோறு போட்டுச் சாப்பிடலாம் என்கிற அளவுக்குத் தேய்த்துக் கழுவுவான். கழுவியது மேல்பக்கம் மட்டும். கழுவிய தண்ணீரும் மூத்திரமும் ஆணி ஓட்டைகள் வழியாக இறங்கி, காயவும் வழியில்லாமல் போகவும் வழியில்லாமல், விரிப்புக்கு அடியில் பலகையைத் தின்றுகொண்டே இருந்தன. மாட்டின் கால் வழுக்கக் கூடாதே என்ற கரிசனத்தில் போட்ட விரிப்பு அது. வைக்கோல் போட்டுச் சோம்பேறித்தனமாக ஓட்டியவர்களின் பலகைகள் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

பால்பண்ணை நடத்துகிற ஒரு அம்மாவின் பசுவுக்குத்தான் அது நடந்தது. மடி வீங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். பெரிய சாலை வளைவில், ஓடிக்கொண்டிருந்த வண்டியில், பின்னங்கால் பலகையோடு கீழே இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் சாலையோரத்துக்கே வந்து ஊசி போட்டுக் கதையை முடிக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் பசுவின் காதைத் தடவிக்கொண்டே, அவனைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடியில பாத்தியாப்பா?"

அந்த வண்டியை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. இப்போது ஒரு குடோன் வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்குகிற வேலை. மாடு ஏற்றின வண்டி ஏதாவது அந்தப் பக்கம் போனால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. ராத்திரி சாப்பிட்ட தட்டை அவனே கழுவிவிட்டு, அதைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்ப்பான்.

போன வாரம் அந்த அம்மா போன் செய்தாள், அவனுக்கில்லை, மனைவிக்கு. பண்ணையை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றுகிறாள். வேறு வண்டிக்காரர்கள் வந்து கம்பை ஓங்கினதில் மாடுகள் மிரண்டு, சினை மாடு ஒன்று வேலியில் மோதிக்கொண்டதாம். உன் வீட்டுக்காரனிடம் வண்டி இருந்தால் வெள்ளிக்கிழமை வரச் சொல் என்றாள். கொஞ்சம் நிறுத்தி, அடியில் பார்த்துவிட்டு வரச் சொல் என்றாள்.

அன்றிலிருந்து அவன் தூங்கவில்லை. இந்தத் தடவை போகவில்லையென்றால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை, சாகும்வரை அந்தக் கம்பியைத் தூக்கி இறக்க வேண்டியதுதான். போய், மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால்? மனைவியும் அப்படி யோசிக்க ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிடுவாள். புது டிரெய்லர் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். கைக்கு எட்டியது இது ஒன்றுதான். இதையும் சாயங்காலம் ஜல்லிக்காரர் ஒருவர் பார்க்க வருகிறாராம். ஜல்லிக்குக் கால் கிடையாது, அவர் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவன் சரிவில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். அடுத்த அடி எடுத்து வைக்கக் கால் வரவில்லை. உள்ளே தரை முழுக்கக் கறுப்பாக ரப்பர் விரிப்பு. ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்திருந்தது.

"அதை மட்டும் பிரிக்காதீங்க" என்றார் பண்ணைக்காரர். முதல் தடவையாக அவருக்கும் சொல்ல ஒன்று கிடைத்திருந்தது. "சொட்டுத் தண்ணி உள்ள போகாது. பிரிச்சா மறுபடி ஒட்டறது கஷ்டம்."

அவன் திரும்பி மச்சினனைப் பார்த்தான். அதான் சொல்கிறாரே என்றான். பசை வைத்திருக்கிறார்களே, என்னுடையதில் வெறும் ஆணிதானே, இதைப் பிரித்தால் நல்ல வேலையைக் கெடுத்த மாதிரி ஆகிவிடும் என்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டே போனான். தான் என்ன பேசுகிறோம் என்று அவன் காதுக்கே கேட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. பார்க்காத வரைக்கும் அந்தப் பலகை நல்ல பலகைதான். வெள்ளிக்கிழமை வரை அது நல்ல பலகையாக இருந்தால் போதும் என்று அவனுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது.

ஜீப் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மனைவி இறங்கி வந்தாள். தம்பியின் பெட்டியிலிருந்து நெம்புகோலை எடுத்து, சரிவில் ஏறி, அவன் கையில் கொடுத்தாள்.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்க. அந்தம்மா கேப்பாங்க."

பண்ணைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

அவன் மூலையில் நெம்பினான். பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு பிரிந்தது. கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பழைய மூத்திரமும் ஊறின மரமும் கலந்த அந்த வாடை. விரிப்பைச் சுருட்டச் சுருட்ட, வாசல் பக்கத்துப் பலகைகள் கரியாகக் கறுத்திருந்தன. மச்சினன் நீட்டிய ஸ்க்ரூ டிரைவரை வைத்தவுடன் கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. உள்ளே போகப்போக நிறம் தெளிந்தது. நடுவில் இருந்தவை பாதி கறுப்பு, பாதி மரநிறம். அங்கே ஸ்க்ரூ டிரைவர் ஒரு நகக்கண் அளவு போய் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

மச்சினன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, முழங்கையெல்லாம் மண்ணோடு எழுந்து வந்தான். அச்சு நன்றாக இருக்கிறது என்றான். பின்பக்கச் சட்டத்தை வெட்டிப் புதிதாக வைத்துவிடலாம். வாசல் பலகைகளையும் மாற்றிவிடலாம். நடுப்பலகை எல்லாவற்றையும் மாற்றுவதுதான் நியாயம். அதற்கு மொத்த அடிச்சட்டத்தையும் பிரிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் நடக்கிற காரியமில்லை.

"நடுப்பலகை பிடிக்கும்னும் சொல்ல மாட்டேன், விட்டுடும்னும் சொல்ல மாட்டேன் மாமா. நீங்க ஜல்லி ஏத்தறவரா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கன்னு சொல்லிடுவேன்."

அவன் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். இப்போது சிரிப்பு வரவில்லை. வயதில் சின்னவன் முன்னால், மனைவி முன்னால், கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கவும் தோன்றவில்லை.

"மாப்ள, ஒரு தடவை சரின்னு சொல்லேன்."

"நான் சொல்றது பலகைக்குக் கேக்குமா மாமா?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டான். ஆடில்லாத கொட்டகைக்குள் பண்ணைக்காரர் எதையோ இழுத்துப் போட்டு, தனக்கும் வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவன் எழுந்தான். ஜீப்பில் டிரெய்லரை மாட்டு என்றான். எங்கே போவதற்கு என்று மச்சினன் கேட்டான். வாசல் ரோட்டில் ஒரு வேகத்தடை இருக்கிறது, வரும்போது பார்த்தேன், அதில் ஏற்றி இறக்கு, மெதுவாக வேண்டாம், நான் இந்தப் பலகை மேலேயே நிற்கிறேன் என்றான். மச்சினனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அக்காவைப் பார்த்தான். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று அவள் தடுப்பாள் என்றுதான் நினைத்தான்.

அவள் தடுக்கவில்லை. கொட்டகையில் அடுக்கியிருந்த பழைய தீவன மூட்டைகளைக் காட்டி, அதையும் ஏற்று என்றாள். பண்ணைக்காரரே வந்து ஒரு கை பிடித்தார். பாவப்பட்டா, வியாபாரம் போய்விடக் கூடாதே என்றா, தெரியவில்லை. மூட்டைகளை நடுப்பலகை மேல் இருபக்கமும் வைத்தார்கள். நடுவில் அவன் நின்றான். மாடு எந்த இடத்தில் நிற்கும், எந்தக் காலில் எடை விழும் என்று அவனுக்கு மனப்பாடம். சரியாக அந்த இடத்தில் காலை அகட்டி வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

மச்சினன் பின்கதவைத் தூக்கப் போகும்போது அவள் சரிவில் ஏறி உள்ளே வந்தாள்.

"நீ எதுக்கு? இறங்கு."

"உங்க எடை பத்தாது."

அவன் மறுபடியும் இறங்கச் சொன்னான். அவள் காதில் வாங்காமல் எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கதவு மேலே ஏறி மூடியது. உள்ளே பாதி இருட்டாயிற்று. கம்பி இடுக்குகள் வழியாக வெயில் கோடு கோடாக அவள் சேலை மேல் விழுந்தது. இத்தனை வருஷத்தில் டிரெய்லருக்குள் அவள் நின்றது இதுதான் முதல் தடவை. மாடுகள் இப்படித்தான் வெளியே பார்த்துக்கொண்டு போகுமா என்று கேட்டாள். ஆமாம் என்றான். பயப்படுமா என்று கேட்டாள். அவன் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தான்.

வண்டி குலுங்கிக் கிளம்பியது. மண்பாதை முடிந்து ரோட்டில் ஏறியது. மாமா சொன்னபடியே மச்சினன் மெதுவாகப் போகவில்லை. வேகத்தடையில் ஜீப் ஏறி இறங்கியது, டிரெய்லர் தூக்கிப் போட்டது. மூட்டைகள் ஒரு விரற்கடை எழும்பி விழுந்தன. பலகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முறிகிற சத்தமா, பழைய மரம் சாதாரணமாகப் போடுகிற சத்தமா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு பேருமே கீழே பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டி ஓரமாக நின்றது. ஜீப்பிலிருந்து மச்சினன் தலையை நீட்டினான்.

"போதுமா மாமா?"

அவன் கம்பியை மாற்றிப் பிடித்தான்.

"இன்னொரு தடவை."

ஜீப் திரும்புவதற்காகப் பின்னால் நகர ஆரம்பித்தது. மனைவி கம்பியை விடாமல், ஒரு கையால் முந்தானையை இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். பிறகு, நல்ல பலகை மேல் வைத்திருந்த வலது காலை எடுத்து, ஸ்க்ரூ டிரைவர் குத்தின தடம் இருந்த நடுப்பலகை மேல் வெறுங்காலாக வைத்து, எடை முழுவதையும் அதன் மேல் போட்டு நின்றாள்.