மரத்தூள் புல்

“நான் விதுசன். வயசு இருபத்திரண்டு. இருக்கிறது கனடா, ஸ்காபரோ, ஒரு வீட்டுக்கு அடியில இருக்கிற அறை.”

கைபேசியை வாயருகே பிடித்துச் சொன்னான். சொல்லச் சொல்லத் திரையில் எழுத்துகள் விழுந்தன. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மகனும் விதுசன், மாமி மகனும் விதுசன். ஊர் பேர் சொல்லாமல் தொடங்கினால் “எந்த விதுசன்?” என்று கேட்டே அரை நாளைப் போக்கிவிடுவார்கள். குரலாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அவன் குரலில் இருக்கும் நடுக்கத்தை அம்மா பிடித்துவிடுவாள். எழுத்து நடுங்குவதில்லை.

இங்கே பின்னேரம். கிளிநொச்சியில் விடிந்துகொண்டிருக்கும். இன்றைக்குத்தான் அங்கே பாடசாலைக் கண்காட்சி. தங்கை தர்மிளா பலகைமேல் செய்த ‘நாளைய நகரம்’ மாதிரியில், குளத்து மிகைநீரை வெளியேற்றும் வான்கதவைப் பிரதம விருந்தினர் தன் கையால் திறந்துவைப்பார். உண்மையான தண்ணீர் பாயும். ஆசிரியர் கனகலிங்கம் சேரின் ஏற்பாடு.

விதுசனும் பதினோராம் வகுப்பில் அதே சேரிடம் ஒரு நகரம் செய்தவன். அளவுகோல் வைத்து வீதி கீறிக்கொண்டிருந்தவனின் பின்னால் வந்து நின்று, சேர் வகுப்புக்கே கேட்கும்படி சொன்னார்: “நீ ஏனடா நகரத்தோட மினக்கெடுறாய்? உனக்குத் தெரிஞ்ச லயத்தைக் கீறு.” வகுப்புச் சிரித்தது. விதுசனும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவனுக்கு இன்றுவரை செமிக்கவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை அறைகளான லயங்களிலிருந்து, கலவரத்தில் அடிவாங்கித் தப்பி வந்த அவனுடைய தாத்தா ஆட்கள் காடு வெட்டி இருந்த குடியிருப்பு குளத்துக்குக் கீழே இருந்தது. சேரின் நகரத்தில் அந்த இடத்தில் பூங்கா வந்தது. மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்துக் காயவிட்டு, பசை பூசித் தூவினால் அசல் புல் மாதிரி இருக்கும். தூவும் வேலையை விதுசனுக்குத்தான் கொடுத்தார். அவன் வீடு இருந்த இடத்தில் அவனே புல் தூவினான். முதலாம் இடம் கிடைத்தது.

அந்தப் புல்லை மட்டும் மறந்துதான் இருந்தான். போன மாதம் இங்கே கல்லூரியில் குழுவாக ஒரு பகுதியைத் திருத்தி வரையச் சொன்னார்கள். கூடப்படிக்கும் பெட்டை ஒருத்தி கணினியில் பச்சை நிறத்தை எடுத்து, பழைய வீடுகள் இருந்த ஒரு தெருவில் ஊற்றினாள். அவன் இப்போது இருக்கும் தெரு. “இங்கே நான் இருக்கிறேன்” என்று சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. அறைக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். அன்றிரவு அவன் நினைத்தது அவளையல்ல, கனகலிங்கம் சேரை.

நினைக்க இன்னொரு காரணமும் இருந்தது. சேர் வான் வாய்க்காலின் ஓரமாகக் காணி வாங்கி, கிரவல் மண் கொட்டி உயர்த்தி, சுற்றுமதில் எழுப்பி மாடிவீடு கட்டியிருந்தார். அதற்கு முன் எத்தனை மழைக்குக் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோதும் தண்ணீர் அந்த வெறுங்காணியால் பரவி வயலுக்குப் போய்விடும். போன மாரியில் மதிலில் முட்டித் திரும்பிய தண்ணீர் நேரே குடியிருப்புக்குள் வந்தது. அம்மா மேசைக்கு மேல் கதிரை போட்டு ஏறி இருந்தாள். ஆடுகள் கட்டிய கயிற்றோடே செத்தன. எல்லோரையும் பாடசாலையில் கொண்டுபோய் வைத்தபோது, சேர்தான் சோற்றுப் பார்சலோடு முதலில் வந்தார். படம் பிடித்து முகநூலில் போட்டார். நனைந்த சேலையோடு அம்மா இரண்டு கையாலும் பார்சலை வாங்கிக் குனிந்து நிற்கும் படம். அதை விதுசன் பஸ்ஸில் வைத்துப் பார்த்தான். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

ஆகவே தர்மிளாவை நகரம் செய்யச் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு உடம்பில் சூடேறியது. முன்னுதாரண வீடு என்று தன் வீட்டையே மதிலோடு வைக்கச் சொல்லியிருந்தாராம். குடியிருப்பில் வழக்கம்போலப் பூங்கா. விதுசன் வரைபடம் கீறி அனுப்பினான். பலகையை இந்தப் பக்கம் கொஞ்சம் சரித்து ஒட்டு, கதவு திறந்ததும் தண்ணீர் முழுக்கச் சேரின் வீட்டுக்குள் போகும், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் அந்த வீடு ஊறிக் கரையவேணும் என்றான்.

தர்மிளா உடனே அழைத்தாள்.

“அண்ணா, உனக்குக் குளிரில மண்டை விறைச்சுப் போச்சு. தண்ணி மேட்டுக்கு ஏறுமே? பெட்டைக்குச் செய்யத் தெரியேல்லை எண்டு சிரிச்சுப்போட்டுப் போயிடுவார்.”

“அப்ப சும்மா விடச் சொல்லுறியோ?”

“ஆர் விடுறது? நான் சரிவை உள்ளபடியே வச்சிருக்கிறன். அவற்ற மதிலும் அவர் சொன்ன உயரம்தான். பூங்காவுக்குக் கீழ எங்கட வீடுகளைப் பால்மாப் பேணித் தகரத்தில செய்து இறுக்கி ஒட்டியாச்சு. மேல மரத்தூள். அந்த இடத்தில மட்டும் பசை பூசேல்லை.”

மதிலில் முட்டித் திரும்பும் தண்ணீரின் வழியை அவன் தன் வரைபடத்தில் விரலால் தொடர்ந்தான்.

“அப்ப எங்கட வீடெல்லோ தண்ணிக்குள்ள தாழும்?”

“தாழட்டும். நாங்கள் வெள்ளத்தில தாண்டதை அவர் பார்க்கேல்லைத்தானே. சோத்தோட பிறகுதானே வந்தவர்.”

தன் கோபம் இவ்வளவு காலமும் பலகையின் மேலாகவே ஓடியிருக்கிறது, இவளுடையது அடியால் ஓடியிருக்கிறது என்று தோன்றியது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அவள் அந்த மனிதருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு எப்படியோ மணம் பிடித்துவிட்டது. தொலைபேசியை வாங்கி, “அவரு நமக்குச் சோறு குடுத்த மனுசன்யா. வேணாம் சாமி” என்றாள். அவன் பதில் சொல்வதற்குள், பின்னால் தர்மிளாவின் குரல் கேட்டது: “அம்மா, அந்தச் சோத்துக்குத்தான் தண்ணி வாக்கிறம்.” அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல்.

இப்போது தர்மிளா ஒரு படம் அனுப்பியிருந்தாள். மண்டபத்தில் மேசைமேல் பலகை. குளம் நிறையத் தண்ணீர், அதில் மின்விளக்கின் வெளிச்சம். வெள்ளை மதிலுக்குள் சேரின் மாடிவீடு. கீழே நெருக்கமாக, ஒரு துரும்பு பிசகாமல், பச்சைப் பசேலென்று புல். ஓரத்தில் மட்டும் தகரக்கூரை ஒன்றின் மூலை மினுங்கியது. அவர்கள் வீடாக இருக்கவேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

கைபேசியை மறுபடி வாயருகே கொண்டுவந்தான்.

“இண்டைக்குக் கண்காட்சிக்குப் போற எங்கட ஆக்கள் ஆர் இதை வாசிச்சாலும் ஒரு உதவி செய்யுங்கோ. முன்னுக்குப் போய் நில்லுங்கோ. கதவு திறந்தாப் பிறகு புல்லு மிதந்து வரும், கீழ எங்கட வீடுகள் தெரியும். ஒருத்தரும் துணி எடுத்துத் துடைக்காதேங்கோ.”