கேட் முன்னாடி

உலகத்தில் கோபமே வராத மனிதர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் போதி மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவன் அபிராமபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தான். பெயர் அஸ்வின். இதை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பேட்டி எடுக்க வந்த யூடியூப் பெண்ணிடம் கேமராவை நேராகப் பார்த்தே சொன்னான்.

"கேட்டுக்கு முன்னாடி வண்டிய விட்டுட்டாங்கன்னு, குத்துக்கால் போட்டு உக்காந்து டயர்ல காத்து புடுங்குவான் பாருங்க, அவன்தாங்க என் காமெடி பீஸ். எனக்கு அந்தக் கோவம் வரவே வராது. அதனாலதான் என்னால இந்த கேமைப் பண்ண முடிஞ்சுது."

இரண்டு வருடம் உழைத்து அவன் செய்த மொபைல் கேமின் பெயர் 'கேட் முன்னாடி'. சென்னையில் வீட்டுக்கு வீடு தொங்கும் பலகைதான் கரு: 'நோ பார்க்கிங். மீறினால் காற்று பிடுங்கப்படும்.' ஆடுபவர்தான் வீட்டுக்காரர். முதல் லெவலில் காற்றைப் பிடுங்க வேண்டும். இரண்டில் கண்ணாடியை உடைக்க வேண்டும். மூன்றில் டிரைவரின் சட்டையைப் பிடிக்கலாம். ஐந்தாவதில் அம்மிக் குழவியால் மண்டையைப் பிளக்கலாம். ரத்தம் தெருவோடு ஓடி மழைநீர் வடிகாலில் போய் விழும். ரத்தத்தை வரைந்தவன் அவனுடைய நண்பன் அஃப்தாப். வடிகால் அடைத்துக்கொண்டிருப்பதைக்கூட விடாமல் வரைந்திருந்தான்.

மூன்று லட்சம் பேர் வாங்கினார்கள். அதற்குள், அடையாறில் நாலாவது படிக்கும் ஒரு குழந்தை, காரை உரசிய ஆட்டோக்காரரைக் காட்டி, "அப்பா, இவருக்கு அஞ்சாவது லெவல்ப்பா" என்று சொல்லித் தொலைத்தது. அப்பா டிவிக்காரர்களுக்குப் போன் செய்தார். அன்று மாலையே நான்கு சேனல்களில் விவாதம்.

அஃப்தாப் கூப்பிட்டான். "மச்சி, கேமைத் தூக்கிடுடா. ஒரு மன்னிப்பு வீடியோ போட்டுட்டுப் போய்க்கினே இருக்கலாம்."

"தூக்க மாட்டேன். ரெண்டு வருஷம்டா. என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். கேம் ஆடி எவனும் எவனையும் அடிக்க மாட்டான், வேணா பாரு."

பார்க்கும் வாய்ப்பு மறுநாள் பகல் பன்னிரண்டுக்கே வந்தது. தெரு நலச்சங்கச் செயலாளர் அய்யாதுரை, தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வன்முறையைக் கண்டிக்கப் பத்துப் பேரோடு வந்தார். கடையிலிருந்து நேராக வந்ததால் வெள்ளைக் காரை கேட்டை அடைத்து, சரியாக அங்கே தொங்கிய 'நோ பார்க்கிங்' பலகைக்குக் கீழே நிறுத்திவிட்டு மாடியேறினார்.

"தம்பி, நாங்க அமைதியாப் பேசத்தாம்ல வந்திருக்கோம்" என்று சட்டையைப் பிடித்தார்.

"பேசலாம் சார். சட்டைய விடுங்க."

"சின்னப் பிள்ளைகளுக்கு அடிதடி சொல்லிக் குடுக்கியோல?"

முதல் அறை இடது காதில் விழுந்தது. அதன் பிறகு அவர்கள் பேசியது எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வயிற்றில் உதைத்தார். மரியாதை தெரிந்தவர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார். அஸ்வின் மடிந்து விழுந்தபோது மேசை விளிம்பு உதட்டைக் கிழித்தது. கீபோர்டில் ரத்தம் சொட்டியது. அஃப்தாப் வரைந்ததைவிடக் கறுப்பாக இருந்தது. இன்னொருவர் லாப்டாப்பைத் தரையில் அடித்தார். உடையவில்லை. அவன் முதுகில் அடித்தார். உடைந்தது.

"இப்பவே கேமைத் தூக்குல!"

தூக்குவதற்கான வழி அவனுடைய போனில் இருந்தது. போன் அவன் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். அஸ்வின் விரலை முஷ்டிக்குள் ஒளித்துக்கொண்டான். நான்கு பேர் அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அய்யாதுரை துணியில் நூல் உருவுகிற பக்குவத்தோடு அந்த விரலை உருவிப் பின்பக்கமாக வளைத்தார். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. அஸ்வின் அலறினான். ஒடிந்த விரலைப் போனில் அழுத்தினார்கள். ரத்த ஈரத்தில் போன் திறக்கவில்லை. கணக்கு வாத்தியார் கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டார். திறந்தது. 'கேட் முன்னாடி' விற்பனையிலிருந்து போயே போயிற்று.

அடித்த பதினொரு பேரில் ஒருவர்கூட அந்த கேமை ஆடியதில்லை. அந்த மட்டில் அஸ்வின் சொன்னது சரிதான்.

வெற்றியைச் சொல்ல அவர்கள் தெருமுனையில் நின்ற டிவி வேனுக்குப் போனார்கள். அஸ்வின் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கீழே வந்தான். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி சுலோச்சனா மாமி கேட்டருகே நின்றிருந்தாள்.

"ஐயோ, என்னடா இது கோலம்! ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்டறேன். அதுவும் உள்ள வர முடியாது பாரு, அந்த மனுஷன் காரை அடைச்சு நிறுத்திண்டு போயிருக்கார்."

"பரவால்ல மாமி. எனக்குக் கோவமெல்லாம் இல்ல."

மாமி போனை எடுக்க உள்ளே போனாள். தெருமுனையிலிருந்து அய்யாதுரையின் குரல் மைக்கில் வந்தது: "எங்க தெருவுல ஒரு ஈ எறும்பைக்கூட யாரும் அடிச்சது கிடையாதுங்க."

அஸ்வின் பலகையைப் பார்த்தான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். கேட்டுக்கும் காருக்கும் நடுவே உடம்பை நுழைத்து, முன் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இடது கையால் வால்வு மூடியைத் திருகி எடுத்து, பைக் சாவியின் முனையை வைத்து அழுத்தினான்.

கேமுக்காக அவன் பதிவுசெய்திருந்தது குக்கர் ஆவி விடும் சத்தம். நிஜம் வேறு மாதிரி இருந்தது. இன்னும் தணிவு, இன்னும் நீளம்.

"ஆட்டோ பத்து நிமிஷத்துல..." என்று வெளியே வந்த மாமி பாதியில் நிறுத்தினாள். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி, தெருமுனையைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

"சீக்கிரம்டா" என்றாள்.

அஸ்வின் எழுந்திருக்காமலேயே பின் டயருக்கு நகர்ந்தான்.