கிலுக்குப் பெட்டியில் அரை டாலர்

"அந்தப் பெட்டிக்குள்ள காசு இருக்கு. எடுத்துட்டு வித்துக்கோங்க" என்று கார்லீன் போஸ்மா சொன்னதும் ஏல மேசையைச் சுற்றி நின்ற ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். மரியாதையான சிரிப்புதான். புருஷன் ரோலண்ட் இறந்துபோய்ப் பதினோரு வாரம் ஆன பெண்ணிடம் வேறு எப்படிச் சிரிப்பது?

ஆகஸ்ட் மாதம், மிச்சிகன், பள்ளிக்கூட ஜிம். மேடையில் மேஜிக் காட்டும் வித்தைக்காரர்களின் வருடாந்திரக் கூட்டம். ரோலண்ட் முப்பத்தொரு வருடமாகச் சேர்த்த மர வித்தைச் சாமான்கள் நீள மேசையில் பரப்பியிருந்தன. காசை விழுங்கும் தட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு பெட்டி, பாட்டன் காலத்துக் கிண்ணங்கள். எல்லாவற்றையும் அவளே காரில் ஏற்றி வந்திருந்தாள். எதை எடுக்கும்போது அழுவாள் என்று எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்று ரோலண்டின் மந்திரக்கோலை, வித்தைக்காரர் இறந்தால் செய்யும் வழக்கப்படி, இரண்டாக ஒடித்தபோது தடித்தடியான ஆண்களெல்லாம் தேம்பினார்கள். அவளோ உருளைக்கிழங்கு சாலட் பத்துமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்காக முதலில் வெட்கப்பட்டாள். பிறகு அந்த வெட்கமும் மரத்துப்போயிற்று.

ஏலம் விடுபவர் டுவேன், ரோலண்டின் நாற்பது வருட சிநேகிதர். அவள் சொன்ன வால்நட் மரப் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டினார். கிலுக், கிலுக்.

"நூறு வருஷம் ஆகியும் தொண்டை கட்டலை பாருங்க" என்றார் ஒஹையோவிலிருந்து வந்திருந்த குண்டு ஹார்லன்.

"பேசுறது காசுதான். நான்தானே போட்டேன்" என்றாள் கார்லீன்.

"இல்லைங்க மேடம். உள்ள காசு ஒண்ணும் கிடையாது" என்றார் ஹார்லன்.

"திறந்து பார்க்காம எப்படித் தெரியும்?"

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியும். ஆனா சொல்லக் கூடாதுங்களே" என்று ஹார்லன் தலையைச் சொறிந்தார்.

வித்தையின் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தவர்கள். நாம் செய்யவில்லை, அதனால் சொல்லலாம். காசைப் போட்டு மூடியதும் பெட்டியின் ஒரு மூலையை விரலால் அழுத்தினால் காசு சத்தமில்லாமல் உள்ளங்கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் பெட்டி கிலுங்கும், அதற்கென்றே பெட்டிச் சுவருக்குள் மறைவாக ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. இது தெரிந்தவன் எவனும் சத்தத்தை நம்ப மாட்டான். திறந்தும் பார்க்க மாட்டான்.

கார்லீன் மளிகைப் பட்டியல் படிக்கிற குரலில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை தவறாம, காபி குடிச்சதும் என்கிட்ட அரை டாலர் இரவல் கேப்பார். பெட்டியில போடுவேன், ஆட்டுவேன். இருக்கான்னு கேப்பார். இருக்கும்பேன். அடுத்த நிமிஷம் சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில இருந்து எடுப்பார். எப்படின்னு அவர் சொன்னதில்ல, நான் கேட்டதும் இல்ல. கடைசியா ஆஸ்பத்திரியில கேட்டார். போட்டேன். அவர் கை ரொம்ப நடுங்குச்சு. இருக்கான்னார். இருக்குன்னேன். பெட்டியை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பிடிச்சிட்டே இருந்தார். 'மீதியை நாளைக்குப் பண்றேன் கார்லி'ன்னார். பார்க்கிங் நேரம் முடியப் போகுதேன்னு எனக்குக் கவலை. 'சரி, தூங்கு'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

விடிவதற்குள் ரோலண்ட் போய்விட்டார்.

டுவேனின் சிரிப்பு நின்றுவிட்டது. மூடியை மெல்ல நகர்த்தினார். அரை டாலர் உள்ளே கிடந்தது.

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "அஞ்சு பேரும் ஆட்டிப் பார்த்தோம். ஒருத்தனுக்கும் திறக்கத் தோணலையே!"

"சொன்னேனே" என்றாள் கார்லீன்.

டுவேன் காசைச் சட்டையில் துடைத்தார். "இரவல் வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்காம எங்காளுங்க மேடையை விட்டு இறங்க மாட்டாங்க. ரோலண்ட் கொடுக்க வேண்டியது. நான் கொடுக்கிறேன், வாங்கிக்கங்க கார்லீன்." அவள் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு பெட்டியை மூடி, கைப்பழக்கத்தில் ஒரு ஆட்டு ஆட்டினார்.

கிலுக், கிலுக்.

ரகசியத்தைத் தானே உடைத்துவிட்டது டுவேனுக்கு அப்போதுதான் உறைத்தது. கார்லீன் பெட்டியைப் பார்த்தாள். தன் கையிலிருந்த காசைப் பார்த்தாள். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவள் இருக்கு என்றபோது பெட்டிக்குள் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த ஒரு நாள்தான் இருந்தது.

"அன்னிக்குக் காசு வெளியே வரலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

டுவேன் பொய் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. "தெரிஞ்சிருக்கும்."

தெரிந்துகொண்டே பெட்டியை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தார். அவள் பார்க்கிங்கை நினைத்துக்கொண்டிருந்தாள். கார்லீன் கையை இறுக மூடினாள். காசின் விளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது. வலித்தது. பதினோரு வாரத்தில் அவளுக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க ஏலத்தை ஆரம்பிங்க" என்றாள். ஆனால் காசு இல்லாத கை போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

டுவேன் அதை அவளிடமே விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்தார்.