துணி மூடிய புத்தகம்

“என்னோடது இல்ல கிளெம், எனக்கு என்ன கொறச்சல்? நீதான் ரெண்டு வருஷமா வாயத் தொறக்காம—”

“வாயத் தொறக்கலையா? காலைலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன், உன் நாற்காலிலதானே வந்து உக்காந்திருக்கு, எடுத்துப் பாருன்னு—”

“—உப்புக்கல்லாட்டம் இருக்க. அதான் உன்னைத் தேடி வந்திருக்கு. எடுத்துட்டுப் போய்ப் படி.”

“—சுவத்துகிட்ட சொல்லியிருந்தா சுவராவது திரும்பிப் பாத்திருக்கும்.”

இருவருக்கும் நடுவே நாற்காலியில், பாத்திரம் துடைக்கும் கட்டம்போட்ட துணிக்கடியில் கிடந்தது அந்தப் புத்தகம். தெல்மா, கிளெம் ட்ரெவின் தம்பதியின் வீட்டுக்கு அது வந்து ஏழு வாரமாகியிருந்தது. யாரும் சுமந்து வரவில்லை. கொர்ரபின் ஊர் நூலகத்தின் புத்தகங்கள் தேவைப்படுகிற வீட்டுக்குத் தாமே போய்ச் சேர்ந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். மழை எப்போது வரும், கம்பளி என்ன விலை போகும் என்று பேசுகிற அளவுக்குக்கூட ஊரில் இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ரயில் நின்றுபோன வருடம் தொடங்கியது அது. ஊர்மன்றத்தின் பின்னறையில் நான்கு அலமாரிகள். செவ்வாயும் வியாழனும் பெரில் ஹாகன் திறந்துவைப்பாள். மூன்று அலமாரி கதைப் புத்தகங்கள். அவை ஒருநாளும் அசைந்ததில்லை. வேண்டியவர்கள் வரட்டும் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் ரகம். நான்காவது அலமாரிதான் இருப்புக்கொள்ளாதது. கிணறு தோண்டுவது, ஆட்டுக் குடல்புழு, நட்சத்திரம், தையல், பழைய போர்கள், புதிய நோய்கள் என்று நடந்ததையும் இருப்பதையும் மட்டுமே சொல்லும் புத்தகங்கள் அதில் இருந்தன. முதலில் போனது இரட்டைக் குழந்தை வளர்ப்பு. கோரல் ப்ரூயிட்டின் பால்வாளிக்குள் கிடந்தது. தன் வயிற்றில் ஒரு பிள்ளை இருப்பதே கோரலுக்கு அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு கோதுமைக் கிடங்கில் எடைபோடும் ஆஸியை இதயத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று மூன்று முறை வண்டிக்குள் ஏறித் துரத்தியது. நான்காம் முறை ஓரத்தில் நிறுத்திப் படித்தவன், அப்படியே இருநூறு மைல் ஓட்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். நெஞ்சில் தையலோடு திரும்பி வந்து அங்கே கொடுத்த சூப்பைத்தான் குறை சொன்னான். தண்டவாளம் பழுதுபார்த்த கிழவர் ஆன்டே பிறந்த ஊரைவிட்டு வந்து நாற்பது வருடமாகியும் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவர் பிறந்த தீவின் கல்சுவர்களைப் பற்றிய மெலிந்த புத்தகம் ஒன்று அவரிடம் வந்தது. அறுவடை முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, “ஊர்ல எல்லாரும் சௌக்கியம்” என்று மட்டும் பெரிலிடம் சொன்னார். தபால் ஆபீஸ் ஐவிக்கு ஐம்பத்துமூன்று வயதில் கடல் நீரோட்டங்கள் பற்றிய புத்தகம் வந்தது. கடலையே பார்த்திராதவள், மூன்றாம் வாரம் வேலையை விட்டுவிட்டுத் தெற்குக் கரைக்குப் போய், அலைமட்டம் அளக்கிற உத்தியோகம் தேடிக்கொண்டாள்.

பெரில் ஒருமுறை ஜன்னலைப் பூட்டிப் பார்த்தாள். கண்ணாடி போட்ட செலவுதான் மிச்சம். அதன்பிறகு முத்திரையையும் மைப்பெட்டியையும் வண்டியில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், வந்திருக்கும் புத்தகத்துக்கு மூன்று வாரத் தவணை குத்திவிட்டு வரலானாள். ஊரும் தனக்கென்று ஒரு மரியாதையை வகுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் புத்தகம் இருந்தால் பாத்திரத் துணியால் மூடிவைப்பார்கள். அடுத்தவர் புத்தகத்தின் பேரைப் பார்ப்பது அடுத்தவர் உள்ளாடைப் பெட்டியைத் திறப்பதற்குச் சமம். அந்த வீட்டுக்கு எது இல்லை என்பதைத்தானே அது சொல்கிறது. பெரிலே துணிக்கடியில் கைவிட்டுத் தடவித்தான் முத்திரை குத்துவாள்.

மற்ற வீடுகளில் புத்தகம் யாருக்கு வந்ததோ அவரிடமே போய்க் கிடக்கும், குழப்பமில்லை. தெல்மா வீட்டில் மட்டும் அது ஓயவில்லை. காலையில் அவள் நாற்காலி, மத்தியானம் கிளெமின் பூட்ஸ், அடுத்த நாள் இரண்டு தலையணைக்கும் நடுவே. அவள் பார்த்தால் அவள் மூடுவாள், அவன் பார்த்தால் அவன் மூடுவான். உன்னோடது என்று அவளும், உன்னோடது என்று அவனும். மரியாதை தெரிந்த குடும்பம். ஏழு வாரமாகியும் ஒருவர்கூட முனையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பார்க்காததற்குத் தெல்மாவிடம் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா விட்டுப்போன வடக்கு வயலின் ஓரத்தில் செம்பட்டை மரங்கள் முந்நூறு இருந்தன. யூகலிப்டஸ்தான், மழை நனைத்தால் உடம்பு முழுக்க ரோஜா நிறமாகும். இரண்டு வருடத்துக்கு முன் தங்கையின் பிரசவத்துக்காக அவள் ஆல்பனி போயிருந்த பத்து நாளில், கிளெம் சங்கிலி கட்டி இரண்டு டிராக்டரால் அவ்வளவையும் இழுத்துச் சாய்த்துவிட்டான். இன்னும் பதினேழு ஏக்கர் கோதுமை கிடைக்கும் என்பது கணக்கு. ஒரு அறுவடைதான் கிடைத்தது. வேர்கள் குடித்துக்கொண்டிருந்த அடிநீர் குடிக்க ஆளில்லாமல் மேலே ஏறி, மண்ணில் இருந்த உப்பையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. இப்போது அந்த வயல் வெயிலில் பளிச்சென்று வெள்ளையாகக் கிடக்கிறது. அதுகூடப் போகட்டும். மரங்களோடு சத்தமும் போய்விட்டது. ரோஜாக் கிளிகள் போயின, காக்கை போயிற்று, விடியலில் பாடுகிற கறுப்பு வெள்ளை மேக்பைப் பறவை போயிற்று. அந்த வருடமே காற்றாலையின் கிறீச்சும் நின்றது. கிளெம் எண்ணெய் போட்டிருப்பான் என்று நினைத்தாள். கடைசியில் கிளெமும் பேச்சை நிறுத்தினான். தப்புப் பண்ணியவன் வாய்விட்டு ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை, தாடிக்குள் எதையோ மென்றுகொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். இப்படிப்பட்டவனைத் தேடி ஒரு புத்தகம் வந்தால் அது என்னவாக இருக்கும்? பெண்டாட்டியை விட்டுப் பிரிவது எப்படி என்று இருக்கும். நிலத்தை விற்பது எப்படி என்று இருக்கும். அதைத் துணி விலக்கித் தெரிந்துகொள்வதைவிடத் தானே முதலில் போய்விடுவது மேல் என்று தெல்மா முடிவுசெய்தாள்.

வியாழக்கிழமை பேருந்து. பெட்டியைக் கட்டினாள். “ஆல்பனிக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்” என்றாள். கிளெம் வெகுநேரம் எதையோ சொன்னான், தரையைப் பார்த்து. தாடி அசைந்தது. அவளுக்கு அலுப்பாக இருந்தது. தபால் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கடை வாசலில் பேருந்து கிளம்பக் காத்திருக்கையில் பெட்டி உள்ளிருந்து இடித்தது. முயலைக் கூண்டில் போட்ட மாதிரி. பேருந்து ஓட்டுநர் ஐந்து அடி தள்ளி நின்று, அதை முதலில் அடக்கு, இல்லாவிட்டால் கூரைமேல்தான் என்று சொல்லிவிட்டான். திறந்தாள். உள்பாவாடைகளுக்கு மேலே, துணியில்லாமல், முதல் தடவையாகப் புத்தகம் வெளிச்சத்தில் கிடந்தது. நீல அட்டை. காது கேளாதோர் கைகளால் பேசும் முறை. பக்கத்துக்கு எட்டுப் படம், எல்லாம் கைகள்.

பெஞ்சில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படித்தாள். செவி ஒரேயடியாகப் போவதில்லை என்று எழுதியிருந்தது. முதலில் பறவைகள் போகும். பிறகு மெல்லிய கிறீச்சுகள். பிறகு முதுகுப்பக்கமிருந்து வரும் பேச்சு. போனவர் தமக்குப் போனதை அறியமாட்டார், உலகம் அமைதியாகிவிட்டது என்றே நினைப்பார்; பழகியவர்கள் வேண்டுமென்றே பேசவில்லை என்று கோபிப்பார். தெல்மா இதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருக்க வேண்டும்? அவள் நினைத்தது, ஐயோ பாவம் கிளெம் என்று. கடைக்காரரும் ஓட்டுநரும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள், உதடு அசைவது தெரியும். தனக்கு எல்லாம் கேட்பதாகவே அவள் நம்பினாள். டிராக்டர் சத்தத்திலேயே முப்பது வருடம் காதை வைத்திருந்தவன் அவன்தான். சொன்னது எதுவும் அவன் காதில் விழவே இல்லை, அதனால்தான் பதிலில்லை. பேருந்தை விட்டுவிட்டு, பால்டப்பா லாரியில் ஏறித் திரும்பினாள்.

முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் கிளெம் நின்றிருந்தான். அவள் அவனுக்கு முன்னால் நின்று, புத்தகத்தை வண்டி முகப்பில் விரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்துக் கைகளை அசைத்தாள். ஊரே கேட்கும்படி, “கிளெம், இது உனக்கு. உனக்குக் காது போயிருச்சு. பயப்படாத. நான் கத்துத் தரேன்” என்றாள். அவன் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டிப் பரிதாபமாகப் பக்கத்தைத் திருப்பினாள். அவன் மறுபடி சொன்னான். பிறகு அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். தகர வாளியைத் தலைக்கு மேல் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டான். கோழிகள் கொட்டகைக்குள் ஓடின. நாய் படுத்த இடத்திலிருந்து துள்ளியது. தெல்மா பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அவன் முன்னால் வந்து, மழை காணாத அந்த வருடத்தின் செம்புழுதி படிந்த வண்டி முகப்பில், விரலால் எழுதினான்: எனக்குக் கேக்குது. உனக்குத்தான் கேக்கல தெல்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அவன் மேலே கைகாட்டினான். மின்கம்பியில் வீட்டிலிருந்து கொட்டகை வரை ரோஜாக் கிளிகள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தன. எல்லா அலகும் திறந்து திறந்து மூடின. தெல்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு வருடமாக அவை எங்கும் போயிருக்கவில்லை.

அன்று மாலையே கிளெம் தாடியை எடுத்தான். உதடு தெரியட்டும் என்றுதான். தாடைக்குக் கீழே அவனுக்கு ஒரு தழும்பு இருந்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது. பெரில் வந்து துணியைத் தேடினாள். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இன்னும் மூன்று வாரம் குத்தினாள். பிறகு இன்னும் ஒரு மூன்று. அவர்கள் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்தும் இடக்கை விரல்நுனிகள் ஐந்தில் இருக்கின்றன; வலக்கை விரலால் தொட்டுக்காட்ட வேண்டும். கிளெமின் இடக்கை மோதிரவிரலைத் தானியம் ஏற்றும் இயந்திரம் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. அந்த எழுத்து வரும்போதெல்லாம் அவன் விரல் இல்லாத இடத்தில் காற்றைத் தொட்டான். அவள் காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஆடு, தேநீர், கதவைச் சாத்து, முட்டாள், வெயில் என்று வார்த்தைகள் சேர்ந்தன. முட்டாளுக்குத்தான் பயிற்சி அதிகம்.

ஆனால் பெட்டியை அவள் அவிழ்க்கவில்லை. கூடத்தில் சுவரோரமாக அப்படியே நின்றது. ஒருநாள் அதைக் காட்டிக் கிளெம் புருவத்தைத் தூக்கியபோது, காது போனதுக்கு உன்மேல் பழியில்லை, மரம் போனது உன்மேல்தான், அதுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றாள். சொன்னேன் என்று அவன் எழுத்தெழுத்தாகத் தொட்டான். எப்போது? நீ பாத்திரம் கழுவும்போது, பின்னால் நின்று. எத்தனை தடவை? அவன் கையை விரித்தான், எண்ணவில்லை என்று. அவள் கோபப்பட்டாளா அழுதாளா என்று சொல்வதற்கில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். என் முதுகுகிட்ட சொன்னது என் முதுகோடயே இருக்கட்டும், எனக்கு யாரும் எதுவும் சொல்லலை என்றாள்.

அதன்பிறகு புத்தகம் மறுபடி இருப்புக்கொள்ளாமல் போயிற்று. கொர்ரபினில் இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே புத்தகம் கொசுவலைக் கதவில் போய்ப் போய் மோதியது. கிளெம் அதைப் பிடித்து வந்து முழங்கையால் அழுத்திக்கொண்டு, இன்னும் படித்திராத ஒரே ஒரு வார்த்தையின் பக்கத்தைத் தேடினான். அது பக்கங்களைச் சிலிர்த்தது, அவன் விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் கிடைத்தது. நெடுநேரம் குனிந்து பார்த்தான். எழுந்து, கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியில் நின்று, தரையில் பூட்ஸால் தட்டினான். அதிர்வு பாதத்தில் தெரிந்து தெல்மா திரும்பினாள்.

புத்தகம் அவன் கால்களுக்கிடையே நுழைந்து, படியிறங்கி, செம்புழுதியில் கோடு கிழித்துக்கொண்டு சாலைப்பக்கம் போயிற்று. அது போவதை இருவருமே பார்க்கவில்லை. மேற்கே சாய்ந்த வெயில் கதவு நிறையக் கொட்டியது. அதற்கு முன்னால் கிளெம் கறுப்பாக நின்றான். அவனுடைய வலக்கை நெஞ்சுப்பக்கம் போனதும் அங்கே எதையோ செய்ததும்தான் அவளுக்குத் தெரிந்தன. என்ன செய்தது என்று தெரியவில்லை. தெல்மா கையிலிருந்த தட்டைத் தொட்டியில் வைத்தாள்.

“வாசல்ல நின்னுக்கிட்டுச் சொல்லாத கிளெம், வெயில் உனக்குப் பின்னால இருக்கு, கை தெரியல. உள்ள வா. என் மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லு.”