முதல் மணிக்கே எழுந்த ஆண்டவர்

மரியநேசனின் வலது தோள்மூட்டு விலகியது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள். கடலில் வலை இழுக்கும்போது விலகியிருந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். விலகியது சொந்தக் கிணற்றடியில், பாசி வழுக்கி. ஆஸ்பத்திரியில் கையை மடித்துக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, ஆறு கிழமைக்கு ஒன்றையும் தூக்கக்கூடாது, ஒன்றையும் இழுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தூக்கக்கூடாது என்றபோது தலையாட்டிய மனிதர், இழுக்கக்கூடாது என்றதும் டொக்டரை முறைத்துப் பார்த்தார்.

இழுக்க வேண்டியது ஒரு கயிறு. தண்ணீரூற்றுக்கு உள்ளே இரண்டு மைல் கட்டை தூரத்தில் இருக்கிற மாதா கோயிலில், ஆண்டவர் உயிர்த்தெழுகிற பாஸ்குச் சனிக்கிழமை பீடத்துக்குப் பக்கத்தில் சாக்கும் கடதாசியும் ஒட்டி ஒரு கல்லறை கட்டுவார்கள். அதற்கு முன்னால் கறுப்புத் திரை. பெரிய வியாழனோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். சனிக்கிழமை இரவுப் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாட்டுத் தொடங்கும்போதுதான் திரும்ப அடிக்கும். அந்த மணியோடு திரை விழவேண்டும், உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் கப்பியில் மேலே எழும்பவேண்டும், லைற் எல்லாம் பத்தவேண்டும், வெளியில் சீனவெடி வெடிக்கவேண்டும். திரைக்கும் சுரூபத்துக்கும் ஒரே கயிறு. அது இருபத்தாறு வருசமாக மரியநேசனின் கையில் இருந்தது. இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்த வருசத்தில்கூட ஒரு பழைய சீலையைக் கட்டி இழுத்தவர் அவர்.

இனி யார் இழுப்பது? பங்குச் சபை கூடியது. அந்தப் பங்கில் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பங்கள் ஒரு பக்கம். எழுபதுகளில் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர்களின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். சிலாபம் பக்கமிருந்து தொழிலுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நாலைந்து சிங்களக் குடும்பங்களும் உண்டு. பூசைக்கு ஒரே கோயில், சண்டைக்கு மட்டும் மூன்று மூலை.

“பந்தல் போடுறதும் நாங்க, வெடி கொளுத்துறதும் நாங்க. கயித்தையும் எங்க ஆளு ஒருத்தர் புடிக்கட்டுமே,” என்றார் மலையகப் பக்கத்து ஆண்டியப்பன்.

“எங்கட ஊரில என்ட அப்பா இழுக்கிறது. என்ட மனுசனுக்கும் தெரியும்,” என்றாள் சிலாபத்து நிலந்தி.

“கயிறு கடற்காரன்ர சாமான். வேற ஆரும் தொடேலாது,” என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்.

மரியநேசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பகுதிக்குக் கொடுத்தால் மற்ற இரண்டு பகுதியும் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்காது. கட்டுப்போட்ட கையோடு எழும்பினார்.

“பரமலிங்கத்தாரைக் கூப்பிடுவம்.”

“அது ஆர்?” என்றார் பாதர்.

“என்ர சம்மந்தி. அக்கராயன் ஆள், சைவம். அங்க அம்மன் கோயில்ல இருவத்தைஞ்சு வருசமாத் திரை இழுக்கிறவர். கயிறு, கப்பி எல்லாம் தண்ணி பட்ட பாடு.”

தங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் மற்றவனுக்கும் கிடைக்கவில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பாதர் சிரித்துவிட்டு, திரை இழுக்க ஞானஸ்நானம் தேவையில்லை என்றார். அத்தோடு முடிந்தது.

மரியநேசனின் மனதில் இருந்தது வேறு. மகள் கலிஸ்ராவும் பரமலிங்கத்தின் மகன் ரஜிதனும் விரும்பிக் கல்யாணம் செய்து ஒன்றரை வருசம். தாலி கட்டியது மாதா கோயிலில் என்பதால் பரமலிங்கம் வரவில்லை. பிறகு கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கே வராத மனிதன் எந்த முகத்தோடு பிறகு வருவது என்ற வெட்கம் மட்டும் ஆறவில்லை. அவருடைய மனைவி சிவனேஸ்வரி ஒளித்து ஒளித்துப் போனில் மருமகளோடு கதைப்பாள். கலிஸ்ராவுக்கு இப்போது ஏழு மாதம். ‘மாமா ஏதும் கேட்டவரோ மாமி?’ என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்பதும், பிறகு போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் போய்ச் சும்மா நிற்பதும் மரியநேசனுக்குத் தெரியும். பிள்ளை பிறக்க முதல் அந்த மனிதன் ஒருதரமாவது வீட்டு வாசலுக்கு வந்துவிடவேண்டும். அதற்காகத்தான் கயிறு.

செவ்வாய்க்கிழமை ரஜிதனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி அக்கராயன் போனார். சித்திரை வருசம் பிறந்து ஒரு நாள். வீடு முழுக்கப் பலகார வாசம். சிவனேஸ்வரி ஒரு தட்டில் பயத்தம் பணியாரமும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். மரியநேசன் தட்டைப் பார்த்தார். தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து அவர் வாயில் இனிப்பு வைக்கவில்லை. இது பெரிய கிழமை வேறு. மெதுவாகத் தட்டைத் தள்ளிவைத்தார்.

“பாஸ்கு முடியட்டும் தங்கச்சி,” என்று ஒரு பணியாரத்தை மட்டும் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பரமலிங்கத்தின் முகம் இறுகிவிட்டது. நெடுநெடுவென்று உயர்ந்த மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. வந்த விசயத்தை முழுக்கக் கேட்டார். சாமி காரியம் என்று ஒருவன் படியேறி வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது.

“வாறன். ஆனா ஒண்டு. நீங்கள் என்ர வீட்டில ஒண்டும் வாயில வைக்கேல்லை. நானும் உங்கட வீட்டு வாசல் மிதியன். கயிறை இழுத்துப்போட்டுக் கோயில் விறாந்தையில படுத்திட்டு, விடிய முதல் பஸ்ஸில வெளிக்கிட்டிடுவன்.”

தவக்காலத்தை விளங்கப்படுத்த மரியநேசன் வாயெடுத்தார். அதற்குள் பரமலிங்கம் வயல் பக்கம் போய்விட்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கே ஆள் வந்து இறங்கிவிட்டார். குளித்து, விரதம் இருந்து, வெள்ளை வேட்டி சால்வையோடு. ஒரு தடவை இழுத்துப் பார்த்து, கப்பி கிரீச்சிடுகிறது என்று எண்ணெய் கேட்டு வாங்கி விட்டார். போன வருசம் சுரூபம் அரைவாசியில் சிக்கி, ஆண்டவர் இடுப்பளவுக்குத்தான் உயிர்த்தார் என்று ஊரே சிரித்தது. அப்போது மரியநேசன் பழியைத் தூக்கிக் கப்பியின் மேல் போட்டிருந்தார்.

“வியாழக்கிழமை தொடக்கம் மணி இல்லை அண்ணை. ஆனபடியா வேலை லேசு,” என்று விளங்கப்படுத்தினார் மரியநேசன். “இருட்டுக்கை வாசகங்கள் போகும். அதுக்கு நீங்கள் காது குடுக்க வேண்டாம். முதல் மணி கேட்டவுடன இழுங்கோ.”

அங்கேதான் பிழை. மற்ற வருசங்களில் இந்தப் பூசை இரவு பத்தரைக்கு. இந்த முறை மாசியில் நெல் விளைந்த நேரம் யானைகள் ரோட்டுக்கு வந்து நின்றதால், பாதர் நேரத்தை ஆறேமுக்காலுக்கு மாற்றியிருந்தார். வயல் வெட்டி முடிந்து யானைகளும் காட்டுக்குத் திரும்பி மூன்று கிழமை ஆகிவிட்டது. பாதர் மாற்றிய நேரத்தைத் திரும்ப மாற்றவில்லை. ஏழரை மணிக்கு ஊரில் வேறு என்ன நடக்கும் என்று ஒருவரும் யோசிக்கவுமில்லை.

வெளியில் நெருப்பு மந்திரித்து, பெரிய பாஸ்கு மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு சனம் உள்ளே வந்தது. பிறகு கோயில் இருட்டு. மூன்றாவது வாசகம் நிலந்தி சிங்களத்தில் வாசித்தாள். மோயீசனுக்குச் செங்கடல் பிளந்து சனம் நடந்து போகிற இடம். பாசை தெரியாத கடற்கரைக்காரர்கூட அந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கடலில் என்ன நடந்தாலும் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

அந்த நேரம் பார்த்து, அரைக் கட்டை தள்ளியிருக்கிற பிள்ளையார் கோயிலில் இரவுப் பூசைக்கு மணி அடித்தது.

காற்றில் தெளிவாக வந்தது மணிச்சத்தம். முன்வரிசை வாங்கிலிருந்த மரியநேசன் கல்லறைப் பக்கம் திரும்பினார். எழும்ப முதல் எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தைந்து வருசமாக அதேமாதிரிப் பூசை மணிக்குத் திரை இழுத்த கை. திரைக்குப் பின்னால் இருட்டில் நின்ற பரமலிங்கத்துக்கு வேறு யோசனை வருமா? கறுப்புத் திரை சடாரென்று விழ, உயிர்த்த ஆண்டவர் ஒரு சிக்கலும் இல்லாமல், வழுவழுவென்று, கொடியைப் பிடித்தபடி மேலே எழும்பி நின்றார். எண்ணெய் நல்லாய் வேலை செய்திருந்தது.

“அம்மா, ஆண்டவர் எழும்பிட்டார்!” என்று ஒரு குழந்தை கத்தியது. அந்தச் சத்தத்துக்கு லைற் போடக் காத்திருந்தவர் லைற்றைப் போட்டார். லைற்றைக் கண்ட ஆண்டியப்பன் வெளியில் சீனவெடியைக் கொளுத்திவிட்டார். நிலந்தி விரலை வரியில் வைத்தபடியே வாய் திறந்து நின்றாள். மோயீசனும் சனமும் கடல் நடுவில் நின்றார்கள். வெடி ஓய்ந்ததும் எல்லோரும் பாதரைப் பார்த்தார்கள்.

பாதர் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார். “உயிர்த்தவரைத் திரும்பக் கல்லறைக்குள்ள இறக்க எனக்கு மனம் வரேல்லை. அவர் நிக்கட்டும். மிச்ச வாசகத்தை அவரும் கேக்கட்டும். நிலந்தி, கடலைக் கடந்து முடியுங்கோ.”

கோயில் சிரித்தது. ஆனால் சிரிப்புச் சத்தம் பரமலிங்கத்தின் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும் என்று மரியநேசனுக்கு உடனே விளங்கியது. கல்லறைக்குப் பின்னால் ஓடினார். அந்த நெடிய மனிதர் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கதவைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சாமி குற்றம் செய்துபோட்டன். நேரம் தப்பித் திரை திறந்திட்டன். இனி இந்த ஊர்ப் பக்கம் வரமாட்டன்.”

“அண்ணை, பிழை உங்கடை இல்லை.”

“சனம் சிரிக்குது. என்ர பெடியனும் அதுக்குள்ள நிண்டு பாக்கிறான்.”

இப்போது போனால் இந்த மனிதன் பேரப்பிள்ளையின் கல்யாணத்துக்கும் வரமாட்டான். பிடித்து நிறுத்த இருந்ததோ ஒரு கை. அந்தக் கையால் ஆளைப் பிடிக்காமல், நேரே பீடத்தடிக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

“பாதர், ஒரு நிமிசம். முதல் மணிக்கு இழுங்கோ எண்டு சொன்னது நான். பிள்ளையார் கோயில் மணியை மறந்துபோனதும் நான். அந்த மனுசன் சொன்னதைச் சொன்னபடி செய்தவர்.” அடுத்ததைச் சொல்லாமலே இறங்கிவிடலாம். ஆனால் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. “இன்னொண்டு. போன வருசம் கப்பி சிக்கேல்லை. நாலாம் வாசகத்தில நான் நித்திரை கொண்டிட்டன். திடுக்கிட்டு எழும்பிப் பிழையா இழுத்தனான். இருவத்தாறு வருசத்தில ஆண்டவர் இவ்வளவு வடிவா எழும்பினது இண்டைக்குத்தான்.”

பாடகர் குழுவிலிருந்து அவருடைய மனைவி யூலிற்றா, “எனக்கு அது போன வருசமே தெரியும்,” என்றாள், மைக் இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்கிற குரலில். இந்த முறை கோயில் சிரித்தது மரியநேசனைப் பார்த்து. இருபத்தாறு வருசப் பெருமை அந்தச் சிரிப்போடு போனது. போகட்டும் என்றிருந்தது அவருக்கு.

“இனி இழுக்க ஒண்டுமில்லை. ஆனா எங்கட மணி இன்னும் அடிக்கேல்லை. அதைச் சம்மந்திதான் அடிக்கவேணும்,” என்று முடித்தார்.

பின்கதவு திரும்பச் சாத்தப்பட்டது.

மிச்ச வாசகங்களும் முடிந்து ‘உன்னதங்களிலே’ தொடங்கியது. தமிழில் ஒரு அடி, சிங்களத்தில் ஒரு அடி. ஆண்டியப்பனின் ஆட்கள் தப்பு மேளத்தை எடுத்துக்கொண்டார்கள். பரமலிங்கம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மணிக்கயிற்றைப் பிடித்தார். வழக்கமாக நாலு அடி அடித்துவிட்டு நிறுத்துவது. அவருக்கு அது தெரியாது. பூசை மணி அடிப்பதுபோல நிறுத்தாமல், பாட்டு முடியுமட்டும் அடித்தார். ஒருவருக்கும் அவரை நிறுத்த மனம் வரவில்லை. வேர்வையில் திருநீறு கரைந்து வழிந்தது. கலிஸ்ரா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, பிள்ளை உதைக்கிறது என்று பக்கத்தில் நின்ற ரஜிதனிடம் சொன்னாள். மரியநேசன் அழுதார். கண்ணீரைத் துடைக்கக் கட்டில்லாத கைதான் இருந்தது, அதையும் தொடையில் தட்டித் தாளம் போட வேண்டியிருந்தது.

பூசை முடிந்து கோயில் வளவுக்குள் சாப்பாடு. நிலந்தி வீட்டுப் பாற்சோறு, கடற்கரை ஆட்களின் மீன் பொரியல், ஆண்டியப்பன் வீட்டு ரொட்டி. பரமலிங்கம் மட்டும் ஒன்றையும் தொடாமல் கோயில் விறாந்தையில் பையைத் தலைமாட்டில் வைத்து, பாய்க்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். மரியநேசன் போய்ப் பக்கத்தில் இருந்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து கடதாசியை எடுத்துப் பிரித்தார். பணியாரம் நாலாக உடைந்துபோயிருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினார்.

பரமலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “அது செவ்வாய்க்கிழமை தந்ததெல்லே?”

“ஓம். நாப்பது நாளா நான் இனிப்பே தொடேல்லை அண்ணை. எங்கட விரதம் அப்பிடி. இண்டைக்குத்தான் முடிஞ்சுது. முதல் இனிப்பு உங்கட வீட்டுப் பணியாரம்.”

கலிஸ்ரா ரஜிதனோடு மெல்ல மெல்ல நடந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். வாங்கோ என்று கேட்கப் பயம், கேட்காமல் போகவும் மனமில்லை. பரமலிங்கம் அவளுடைய வயிற்றைப் பார்த்தார், பிறகு இருட்டிப்போய்க் கிடந்த ரோட்டைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமினார்.

“இந்த விறாந்தைப் பக்கம் ஆனை வருமாமே, சம்மந்தி?”

“ஆனையா? அது போயி மூணு வாரமா...” என்று, ரொட்டித் தட்டோடு வந்து நின்று தொடங்கிய ஆண்டியப்பனின் காலை மரியநேசன் நல்லாய் மிதித்தார்.

“வரும் சம்மந்தி. கட்டாயம் வரும்.”

பரமலிங்கம் எழும்பினார். பையை மகனிடம் கொடுத்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

“பிள்ளை, முன்னுக்கு நட. எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடாதை.”